கடைசி அறை



யாக்கோபு தன் தாய்மாமனைத் தேடி ஆரானுக்கு வந்தபோது முதலில் கண்டது ஒரு கிணறு. அதன் வாயை ஒரு பெரிய கல் மூடியிருந்தது. அருகே மூன்று மந்தைகள் தண்ணீர் குடியாமல் படுத்துக் கிடந்தன. இன்னும் பகல் மீந்திருக்க, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லாமல் ஏன் காத்திருக்கிறீர்கள் என்று அவன் கேட்கிறான். எல்லா மந்தைகளும் வந்து சேரும்வரை கல்லைப் புரட்டுவதில்லை என்பதே மேய்ப்பர்களின் மறுமொழி. ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் ராகேலைக் காணும் அவசரத்தில் இந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறோம். அந்தக் கிணற்றில் முந்தி வந்தவனுக்கு முந்திய பங்கு என்ற நியாயம் இல்லை. பிந்தி வருகிற மந்தையும் கணக்கில் இருந்தது.

இந்த வாரம் நான் எழுத நினைத்தது வைஃபையைப் பற்றி. தயவுசெய்து சிரிக்க வேண்டாம். வீடு சந்திக்கப் போகும் இடங்களில் இப்போது காதில் விழும் மனக்கசப்புகளில் இதற்கு ஒரு நிலையான இடம் உண்டு. நம் சபையில் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, ஆறு பேராகவும் எட்டுப் பேராகவும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் வாலிபர்கள் பலர். கீழ்வீட்டில் அண்ணன் குடும்பமும் மாடியில் தம்பி குடும்பமுமாக ஒரே இணைப்பில் வாழ்கிறவர்களும் உண்டு. வாடகையைப் பிரித்துக்கொள்வதில் இவர்களுக்குள் சண்டை வருவதில்லை. அது எழுதி வைத்த கணக்கு. தண்ணீர் கேன் தீர்ந்தால் காலிக் கேன் வராந்தாவில் நிற்கும். மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. வைஃபை ஒன்றுதான் எவர் எவ்வளவு எடுத்தார் என்று எவர் கண்ணுக்கும் தெரியாத பொதுச்சொத்து. கண்ணால் எண்ண முடியாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இணையம் நின்று நின்று வருகிற இரவில் எல்லோருடைய பார்வையும் ஒருவன்மேல் திரும்புகிறது. பெரும்பாலும் அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருப்பவன்.

அவனுக்காக நான் பரிந்து பேசப் போகிறேன்.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் 50 எம்பிபிஎஸ் திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுத் தெளிவில் ஒரு படம் ஓடுவதற்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். குரல் அழைப்புக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.1 எம்பிபிஎஸ் அளவே வேண்டும். மூன்று பேர் மூன்று அறைகளில் தனித்தனியாகப் படம் பார்த்தாலும், நான்காமவர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும், ஐந்தாமவர் ஊரில் இருக்கும் தாயாரோடு பேசினாலும் பாதிக்கு மேல் மீந்திருக்க வேண்டும். அப்படியிருக்க அந்தத் தாயாரின் குரல் ஏன் அறுந்து அறுந்து கேட்கிறது?

ஒரு காரணம், நாம் கவனியாமல் விட்ட நம் சொந்தக் கைப்பேசியாகவே இருக்கலாம். சார்ஜில் போட்டுவிட்டு நாம் உறங்கப் போன பிறகு, கல்யாண வீட்டில் எடுத்த நானூறு புகைப்படங்களையும் காணொளிகளையும் அது மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட பெரிய ஏற்றங்களும் இறக்கங்களும் அளவு பார்த்து எடுப்பதில்லை. கிடைக்கிற இடம் முழுவதையும் நிரப்பும். அழைப்பின் சிறுசிறு துணுக்குகள் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று காத்துக்கிடக்கும். படம் பார்க்கிறவனைக் குற்றம் சொல்கிறவரின் தலையணைக்கு அருகில்தான் சில வேளைகளில் குற்றவாளி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

மற்றக் காரணம் இன்னும் ஆழமானது. நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான ரூட்டர்களில், ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்கும். ரூட்டருக்கு அருகில் இருக்கும் கருவி வேகமாகப் பேசி முடித்துவிடும். இரண்டு சுவர்களுக்கும் ஒரு இரும்பு பீரோவுக்கும் அப்பால் இருக்கும் கருவியால் அப்படி வேகமாகப் பேச இயலாது. அலை நைந்து போவதால் அது மெதுவாகப் பேச வேண்டும். கேட்கவில்லை என்றால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். அதே செய்தியைச் சொல்ல அது பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் முழுவதும் கூடத்தில் சோபாவில் இருப்பவரின் கருவியும் காத்துத்தான் நிற்கிறது. கடைசி அறையில் இருப்பவர் படும் பாடு அவரோடு முடிவதில்லை. காரணம் இன்னதென்று தெரியாமலே வீடு முழுவதும் அதைச் சுமக்கிறது.

இதை முதன்முதலில் ஒரு பொறியாளர் எனக்கு விளக்கியபோது, அவயவங்களைப் பற்றிக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய பகுதியை நான் நினையாதிருக்க முடியவில்லை. அவர் வேதத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ரேடியோ அலையைப் பற்றித்தான் சொன்னார்.

இனி, கடைசி அறை எவருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். வாலிபர் வீடுகளில் அது கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு, அல்லது பேரம் பேசத் தெரியாதவருக்கு. குடும்ப வீடுகளில் அடுக்களையை ஒட்டிய அந்தப் பின்னறை பாட்டியம்மாவுக்கு, அல்லது தனித்துப்போன அத்தைக்கு. ரூட்டரோ முன்கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அது அங்கே இருக்க வேண்டும் என்று வீட்டார் கூடிப் பேசித் தீர்மானித்ததில்லை. இணைப்புக் கொடுக்க வந்த தம்பிக்குச் சன்னல் வழியாக வயரை இழுப்பதற்கு அந்த இடம் வசதியாயிருந்தது. பத்து நிமிடத்தில் நடந்த அந்த ஏற்பாட்டின் கீழ் வீடு ஐந்து வருடம் வாழ்கிறது. மாதந்தோறும் பணத்தை மட்டும் எல்லோரிடமும் சமமாக வாங்குகிறோம். இது நியாயமல்ல என்பது என் கருத்து. அலை எட்டாத அறையில் இருப்பவரிடம், அது எட்டும்வரை சமபங்கு கேட்கக் கூடாது. பின்னறைக்காரர் ஒரு மாதம் பணம் கொடாமல் இருந்து பார்க்கட்டும். ரூட்டர் தானே நடு வீட்டுக்கு நகர்ந்து வரும்!

ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்து உண்மையைக் கண்டறியுங்கள். ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே குறைந்திருந்தால் வீட்டார் எவர்மேலும் பழியில்லை. அது நிறுவனத்தின் காரியம். நாளையும் மணியையும் குறித்துவைத்துப் புகார் செய்யலாம். அங்கே சரியாக இருந்து பின்னறையில் மட்டும் குறைந்தால் சுவர்தான் காரணம். இரண்டு இடத்திலும் பகலில் நன்றாயிருந்து இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும் தடுமாறினால், அப்போதுதான் எவர் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. அப்போதும் அக்கம்பக்கத்து வீடுகளை மறக்க வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் நெருக்கடி குறைவு, வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும்.

சுவர் காரணமானால் பரிகாரம் எளிது. ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், பீரோவுக்கும் நிலைக்கண்ணாடிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் விலகி வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸின் அருகேதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். பெரிய வீடானால் ஒரு கேபிளை இழுத்துப் பின்பக்க நடையில் இரண்டாவது ரூட்டர் ஒன்றை மாட்டலாம். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீடுகளில் எதற்கு அவ்வளவு?

இவ்வளவும் செய்த பிறகும் உண்மையாகவே பற்றாக்குறையான நேரங்கள் வரும். ஒருத்திக்கு வேலைக்கான நேர்காணல், இன்னொருத்திக்கு இரவுப்பணி, மூன்றாமவளுக்கு மறுநாள் தேர்வு. அப்போது முறை வகுத்துக்கொள்ள வேண்டும். பெரிய பதிவிறக்கங்களும் புகைப்பட ஏற்றங்களும் நள்ளிரவுக்குப் பின் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டால் பாதித் தகராறு அடங்கும். மீதிப் பாதி அதிகாரத்தைப் பற்றியது. மீதியானில் ரெகுவேலின் ஏழு குமாரத்திகள் தண்ணீர் இறைத்துத் தொட்டிகளை நிரப்பியபின், மேய்ப்பர்கள் வந்து அவர்களைத் துரத்தினார்கள். இறைத்தவர்கள் ஒருவர், குடிக்க வந்தவர்கள் வேறொருவர். மோசே எழுந்து நின்று அந்தப் பெண்களுக்குத் துணைசெய்தான். இன்றைக்கு வீட்டில் அந்த மேய்ப்பர்களின் பலம் எவரிடம் இருக்கிறதென்றால், இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ, பாஸ்வேர்டை மாற்றும் வழி எவருக்குத் தெரியுமோ அவரிடம். கோபம் வந்த இரவில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களை நான் அறிவேன். எட்டுப் பேர் பணம் கொடுத்த கிணற்றின்மேல் ஒருவர் கல்லைப் புரட்டி வைப்பது அது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கைப்பேசி கூடாது என்று விதித்தார்கள். அதற்கு இணங்காத மாணவி விடுதியிலிருந்து விலக்கப்பட்டாள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. உங்களை நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. வைஃபைதானே என்று நாம் இலேசாகத் தள்ளுகிற ஒன்றின்மேல் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவரவர் ரீசார்ஜ் செய்துகொண்டால் போயிற்று, எதற்கு இந்தப் பொது இணைப்பு என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கும் வேதத்தில் முன்மாதிரி இருக்கிறது. கேராரின் மேய்ப்பர்கள் வாக்குவாதம் பண்ணியபோது ஈசாக்கு ஏசேக்கையும் சித்னாவையும் விட்டு விலகிப்போய் மூன்றாவது கிணற்றை வெட்டி, அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான். சண்டைக்கு நிற்காமல் விலகிப் போவது மேன்மையான குணம்தான். ஆனால் ஈசாக்குக்குக் கிணறு வெட்ட வேலைக்காரர் இருந்தார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடும் ஒரு பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் முழுத் தெளிவான காணொளிப் பாடம் முக்கால் மணி நேரம்கூட ஓடாது. ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்கு மேல் வேண்டும். வசதியுள்ளவர் விலகிப்போனால் அது பெருந்தன்மை. வசதியில்லாதவரை அப்படி விலகிப்போகச் சொன்னால் அது வேறு.

குடும்ப ஜெப நேரத்தில் வைஃபையை அணைத்துவைக்கும்படி பிரசங்கத்தில் சொல்லுங்கள் என்று மூத்தவர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லப் போவதில்லை. துபாயில் இருக்கும் மகனும் பெங்களூருவில் இருக்கும் மகளும் அந்த வைஃபையின் வழியாகத்தான் ஜெபத்தில் வந்து அமருகிறார்கள். அந்த நேரத்தில் பாட்டியம்மாவின் பின்னறையில் அவர்களுடைய முகம் உறையாமல் தெரிகிறதா என்பதைத்தான் நான் விசாரிக்கிறேன்.

நம் வாலிபர் சங்கத்தில் கேபிள் இழுத்து முனை பொருத்தத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி அறைக்கு அலை எட்டாத வீட்டார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் பேர் கொடுங்கள்; சனிக்கிழமை மாலைகளில் வீடு வீடாக வருவார்கள். கேபிளுக்கு ஆகும் செலவைக் கொடுத்தால் போதும். பீரோவை நகர்த்த மட்டும் வீட்டில் இரண்டு ஆள் இருக்கட்டும்.