கணிப்பொறியின் காலைத் தாமதம்

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் காலை முதற் பாடவேளையில் அமர்ந்து பழகிய மாணவர் எவரும் இக்காட்சியை அறிவர். பொறியை முடுக்கியதும் திரை விளங்குகின்றது. பெயரும் கடவுச்சொல்லும் இடுகின்றோம். வலைத் தொடர்பு மட்டும் வருவதாயில்லை. ஒரு நிமிடம் கைகட்டியிருந்த பின்னரே அது வந்து சேர்கின்றது. பொறுமையிழந்து அணைத்து மீண்டும் முடுக்குவோர் அதே தண்டத்தை இருமுறை செலுத்துகின்றனர்.

"பொறிகள் பழையனவாயின, புதியன வாங்குக" என்பதே இதற்குப் பலரும் வழங்கும் தீர்ப்பு. இஃது ஆராயாத தீர்ப்பென்பது நம் கருத்து. தொடர்பு கிட்டிய பின் அதே பொறி நாள் முழுதும் விரைந்து ஓடுகின்றதே! முதுமையே நோயாயின் மாலையிலும் அது தளர்தல் வேண்டுமன்றோ?

நிகழ்வது யாதெனில்: பொறி விழித்தெழுந்ததும் தனக்கோர் எண் முகவரி தருமாறு கம்பி வழியே கூவுகின்றது. டி.எச்.சி.பி. எனப்படும் இம்முறைக்கு 1997-ஆம் ஆண்டு வெளியான விதிகள், மறுமொழி வாராவிடின் ஏறத்தாழ 4 வினாடி கழித்தும், பின் 8, 16, 32 என இரட்டித்தும் மீண்டும் கேட்கச் சொல்லுகின்றன. மறுபுறத்தில், கம்பிகள் கூடும் ஸ்விச்சுப் பெட்டி, தன் வாயில் ஒன்று புதிதாக உயிர்பெற்றது கண்டு, அது சுற்றுவழியாகி வலை முழுவதையும் திணறடிக்குமோ என ஐயுறுகின்றது. 15 வினாடி செவிமடுத்தும், 15 வினாடி கற்றும், அதுவரை எதனையும் கடக்க விடுவதில்லை. ராடியா பெர்ல்மன் அம்மையார் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ என்னும் காவல் இதுவே. ஆகவே 0, 4, 12, 28 ஆம் வினாடிகளில் எழுந்த கூவல்கள் நான்கும் மூடிய கதவில் மோதி வீழ்கின்றன. கதவு 30-இல் திறக்கின்றது. ஐந்தாம் கூவலோ 60-இல் தான் எழும்! அரை நிமிடக் காவல் முழு நிமிடக் காத்திருப்பாவது இங்ஙனமே. இடையில் பொறியின் முகவரியை நோக்கின் 169.254 என்று தொடங்குதல் கூடும். யாரும் தராமையால் அது தானே சூட்டிக்கொண்ட எண் அது.

ஒரு சனிக்கிழமை, கூடப் பொறுப்பாளரின் இசைவுடன் இதனைச் சோதித்தோம். ஆசிரியர் ஒருவரின் புத்தம் புதிய மடிக்கணினியை அதே கம்பியில் மாட்டினோம். அதற்கும் அதே தாமதம். புதுப்பொறி விரைவில் விழிப்பதால் மூடிய கதவின்முன் இன்னும் நெடிது நிற்கின்றது என்பதையும் வாங்கத் துடிப்போர் எண்ணுவாராக. பின்னர்ப் பழைய பொறிக்கும் பெட்டிக்கும் இடையே எளிய சிறு ஸ்விச்சு ஒன்றை மின் அணையாது வைத்தோம். பெரிய பெட்டியின் வாயில் ஓயாது உயிர்த்திருந்தமையால் ஐயத்திற்கு இடமில்லை; தொடர்பு சில வினாடிகளில் வந்தது.

பரிகாரம் செலவற்றது. தனிப்பொறி மாட்டிய வாயில்களை மட்டும் "ஓர வாயில்" என்று பெட்டியில் குறித்துவிடின் அவை உடனே திறக்கும். பெட்டியோடு பெட்டி சேரும் வாயில்களில் இதனைச் செய்தல் ஆகாது. சலிப்புற்றுக் காவலையே முற்றும் அகற்றுவது அதனினும் பேதைமை. இதற்குப் பின்னும் தாமதம் நீடிப்பின், பெயர்களை எண்ணாக்கித் தரும் சேவகப் பொறிகளின் பட்டியலில் இறந்துபோன ஒன்று முதலிடத்தில் உளதா எனக் காண்க.

இல்லத்தில் கணிப்பொறி இல்லாத மாணவர்க்கு இக்கூடமே கதி. அவர்தம் பாடவேளையின் முதல் நிமிடங்கள் வீணாதல் சிறு குறையன்று. ஆதலின் ஸ்விச்சுப் பெட்டியின் கடவுச்சொல்லை வைத்திருப்போர் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அதுவரை புதுப்பொறிகளின் விலைப்பட்டியல் மேசையறைக்குள்ளேயே இருக்கட்டும்.