உற்பத்தி இலக்கும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும்

பெங்களூரின் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூரு சாலைப் பகுதிகளிலுள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு அவர்களை இருக்கையோடு பிணைக்கிறது. எழுந்து சென்றால் வேலை தேங்கும். மேற்பார்வையாளரின் ஏச்சு விழும். எனவே சிறுநீரை அடக்குகிறார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று இவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குவதைத் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றன.

காரணம் கேட்டால் எளிதில் கிடைக்கும் விடை, 'சுத்தமின்மை' என்பது. இவ்விடை பழியை நோயாளியின் மீதே சுமத்துகிறது. பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா, குடலில் இயல்பாக வாழ்வது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது. ஆகையால் அது எளிதில் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுகிறது. ஏறியதை அடித்து வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டம். அவ்வோட்டத்தை மறிப்பதோ உற்பத்தி இலக்கு.

2018இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்று. அடிக்கடி தொற்றுக்கு ஆளான, குறைவாக நீர் பருகும் 140 பெண்களில் ஒரு பிரிவினர் நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று ஏற்பட்டது. பெங்களூர்த் தையல் தொழிலாளிக்கு இந்த மலிவான மருந்தே எட்டாதது.

நோயறிதலும் அவ்வாறே. சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்து முடிவு பெற இரண்டு மூன்று நாள்களாகும். விடுப்பெடுத்தால் கூலி போகும். ஆகவே மருந்துக்கடை மாத்திரையே துணையாகிறது. இந்தியாவில் ஈ.கோலைக்கு எதிராகச் சிப்ரோஃப்ளாக்சசின் பெரிதும் வலுவிழந்துவிட்டது. நைட்ரோபியூரன்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்னும் பயன்படுகிறது. காய்ச்சலும் விலாவலியும் கண்டு, தொற்று சிறுநீரகத்தை எட்டிய பின் அது போதாது.

கழிப்பறை, தொழிலாளர்கள் 'எந்நேரமும்' அணுகத்தக்கதாய் இருக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு விதித்தது. கதவு திறந்திருப்பது மட்டும் அணுகல் ஆகாது. எழுந்து செல்ல நேரமும் வேண்டும். ஏற்றுமதிக் கெடு நெருக்குகிறது என்னும் முதலாளிகளின் வாதம் பொய்யன்று. ஆயினும் கழிப்பறைக்கான நிமிடங்களைக் கணக்கில் கொள்ளாத இலக்கு, அந்நெருக்கடியைப் பெண்களின் சிறுநீரகத்தின் மீது இறக்கிவைக்கிறது.

ஆகவே மருத்துவர், 'என்ன வேலை? வேலையிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது?' என்று வினவ வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர், கழிப்பறைகளை எண்ணுவதோடு நில்லாமல் மணிக்கணக்கு இலக்கையும் ஆராய வேண்டும். வேலைமுறை மாறாதவரை மாத்திரை தருவது அடுத்த தொற்று வரும் வரையிலான இடைவேளையே.