பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்துறது பக்தி இல்லை

ஆடிப்பூரம் நெருங்குது. அம்மனுக்கு வளையல் சாத்தி, அதைக் கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிரசாதமா கொடுப்போம். வளையலோட சேர்த்து நம்ம ஆளுங்க இன்னொண்ணும் கொடுக்கிறாங்க. அது பயம். இந்த வருஷம் அதை நிறுத்தணும்னு கேட்டுத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அன்னதான வரிசையிலயும் மடப்பள்ளி பக்கத்துலயும் காதுல விழுற பேச்சு இதுதான். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி." "கால் விளங்காம போயிடும்." "வலி இல்லாம பெத்தா பிள்ளை மேல பாசம் வராது." "நாங்கல்லாம் பெக்கலையா?" முதல் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கிற பொண்ணுகிட்ட சொல்ற பேச்சா இது?

நான் டாக்டர் இல்லை. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன், பெக்டரியில சூப்பர்வைசர். ஆனா ஆபத்தை எப்படி எடை போடணும்னு வேலை கத்துக் கொடுத்திருக்கு. புது மெஷின் வந்தா ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வைப்போம். தப்பு நடந்தா எவ்வளவு பெரிய அடி? அது எத்தனை தடவையில ஒரு தடவை நடக்கும்? ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் கணக்கு. முதல் கேள்வியை மட்டும் கேட்டா அது பீதி. ரெண்டையும் கேட்காம விட்டா அது அலட்சியம்.

அதே மாதிரி பிரசவ வலிக்கு ஆஸ்பத்திரியில கிடைக்கிற வழிகளைப் பார்ப்போம்.

முதல்ல கேஸ். பாதி ஆக்ஸிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு. தாயே கையில பிடிச்சு இழுக்கணும். வலி ஆரம்பிக்கும்போதே இழுத்தாதான் உச்சத்துக்கு வர்றப்ப வேலை செய்யும். தலை சுத்தும், சிலருக்குக் குமட்டும். நிறுத்தினா கொஞ்ச நிமிஷத்துல தெளிஞ்சிடும். ஆனா வலியை முழுசா எடுக்காது.

ரெண்டாவது பெத்திடின் ஊசி. வலி ஓரளவு குறையும், தூக்கம் வரும், வாந்தி வரலாம். பிள்ளை பிறக்கப் போற நேரத்துக்கு ரொம்பக் கிட்டக்க போட்டா, பிள்ளையும் மயக்கமா, மூச்சு மெதுவா பிறக்கலாம். அதுக்கு மாற்று மருந்து இருக்கு. இருந்தாலும் நேரம் பார்த்துத்தான் போடுவாங்க.

மூணாவதுதான் எல்லாரும் பயப்படுற எபிடூரல். இடுப்புப் பக்கம், முதுகுத் தண்டு முடியுற இடத்துக்குக் கீழே, மயக்க மருத்துவர் மெல்லிசான டியூப் வச்சு மருந்து விடுவாங்க. இந்த மூணுல வலியை அதிகமா குறைக்கிறது இதுதான். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்றதும் பொய்தான். பிரிட்டன்ல மகப்பேறு மயக்க மருத்துவர்கள் சங்கம் தாய்மார்களுக்கு ஒரு அட்டை கொடுக்குது. அதுல உள்ள கணக்கு இது. ரத்த அழுத்தம் நல்லா இறங்குறது 50 பேர்ல ஒருத்தருக்கு. கடுமையான தலைவலி 100-ல ஒருத்தருக்கு. சரியா வேலை செய்யாம வேற வழி தேட வேண்டி வர்றது 8 பேர்ல ஒருத்தருக்கு. கால் மரத்துப் போறது, பலவீனம் ஆறு மாசத்துக்கு மேல நீடிக்கிறது 13,000-ல ஒருத்தருக்கு. கால் விளங்காம போற மாதிரி கடுமையான பாதிப்பு 2,50,000-ல ஒருத்தருக்கு.

இப்ப சொல்லுங்க. நாம வாய் கூசாம சொல்ற "கால் விளங்காது" எங்க இருக்கு, அந்தக் கணக்கு எங்க இருக்கு? உண்மையில அடிக்கடி வர்ற சிரமம் தலைவலியும் ரத்த அழுத்தம் இறங்குறதும். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. அதைப் பத்தி நம்மள்ல யாரும் பேசுறதில்லை.

இடுப்பு வலி கதைக்கு வருவோம். ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்ல, நாள்பட்ட இடுப்பு வலி ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். பத்து மாசம் சுமந்து, அப்புறம் குனிஞ்சு நிமிர்ந்து பிள்ளையைத் தூக்குற உடம்புக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். பழியை ஊசி மேல போடுறோம். ஊசி போட்டா ஆபரேஷன்தான்னு ஒரு பேச்சு. இப்பத்திய குறைஞ்ச அளவு மருந்துல ஆபரேஷன் வாய்ப்பு கூடுறதில்லை. முக்குற நேரம் கொஞ்சம் நீளலாம், அது உண்மை.

எபிடூரல் எல்லாருக்கும் ஆகாது. ரத்தத்துல பிளேட்லெட் ரொம்பக் குறைவா இருந்தா போட மாட்டாங்க. நம்ம நாட்டுல டெங்கி வந்த கர்ப்பிணிக்கு இது முக்கியம். ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவங்க முன்னாலயே சொல்லணும். அதே சமயம், கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறின சிலருக்கு டாக்டரே இதைப் போடச் சொல்வாங்க. அந்தப் பொண்ணு நம்ம பேச்சைக் கேட்டு வேண்டாம்னு சொன்னா, அதுல வர்ற ஆபத்துக்கு யார் பொறுப்பு?

"பாட்டி எஸ்டேட்டுல எட்டுப் பிள்ளை பெத்தா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. பாட்டிக்கு வேற வழி இருந்துச்சா? நாடு சுதந்திரம் வாங்கின காலத்துல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 200 தாய்மாருக்கு மேல செத்தாங்க. பிழைச்ச பாட்டிதான் நமக்குக் கதை சொன்னாங்க. பிழைக்காதவங்க சொல்லலை.

"காவடி எடுக்கிறவன் வலி தாங்கலையா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. ஐயா, காவடி அவனவன் நேர்ந்துக்கிட்டது. விரதம் இருந்து, மனசைத் தயார் பண்ணி, தானே வந்து நிக்கிறான். அடுத்தவன் நாக்குல நாம வேல் குத்தி "தாங்குடா"ன்னு சொல்றதில்லை. மருந்தே வேணாம்னு ஒரு தாய் தானா முடிவு எடுத்தா அவங்களைக் கும்பிடுறேன். மத்தவங்க அவங்க மேல அதைத் திணிச்சா அது விரதம் இல்லை, கொடுமை.

நம்ம சாமியும் அப்படிச் சொல்லலை. திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் தல புராணம் தெரியும்தானே? காவிரியில வெள்ளம். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம், அம்மாவால ஆத்தைக் கடந்து வர முடியலை. சிவபெருமானே அந்த அம்மா ரூபத்துல வந்து பிரசவம் பார்த்தாரு. "தாங்கிக்கோ"ன்னு கைலாயத்துல உட்கார்ந்து சொல்லலை. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில விளக்கெண்ணெய் கொடுக்கிறது எதுக்கு? நோவு குறைஞ்சு சுகப்பிரசவம் ஆகணும்னு வயித்துல பூசத்தான். வலி குறையணும்னு வேண்டுறது பாவம்னா அந்த எண்ணெயே இருக்காதே. (அதை வயித்துல பூசுறதோட நிறுத்துங்க, டாக்டர் சொல்லாம குடிக்காதீங்க. வயித்துப்போக்குல உடம்பு சோர்ந்திடும்.)

கர்ப்பமா இருக்கிற தங்கச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. வலி வந்தப்புறம் யோசிக்காதீங்க. ஏழாவது எட்டாவது மாசச் செக்கப்லயே கேளுங்க. இந்த ஆஸ்பத்திரியில எபிடூரல் இருக்கா? ராத்திரியிலயும் மயக்க மருத்துவர் இருப்பாங்களா? என் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது? தனியார்ல எவ்வளவு கூடுதல் செலவு? எல்லா அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் எல்லாம் கிடைக்காது, அதனால முன்னாலயே தெரிஞ்சு வச்சுக்கணும். நடக்கிறது, வெந்நீர்க் குளியல், முதுகு நீவி விடுறது, கூட ஒரு ஆள் இருக்கிறது, இதெல்லாமும் உதவும். நடுவுல மனசு மாறினாலும் தப்பில்லை.

கணவன்மார்களே, மாமியார்மார்களே, வலி அவங்க உடம்புல. டாக்டர்கிட்ட கேட்டு முடிவு எடுக்கிற உரிமையும் அவங்களுக்குத்தான். நம்ம வேலை பக்கத்துல நிக்கிறது.

ஆடிப்பூரத்தன்னிக்கு ஒரு தாதியைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேச வைக்கலாமான்னு நிர்வாகத்துகிட்ட கேட்டிருக்கேன். நீங்களும் கேளுங்க. அது வரைக்கும், கர்ப்பிணிப் பொண்ணு பிரசாதம் வாங்க வந்தா "நல்லபடியா பெத்து வாம்மா"ன்னு சொல்லி அனுப்புங்க. அது போதும்.

அம்மன் துணை.