எட்டாம் மாடிக்கு ஏறி யார் இடியப்பம் வாங்குவது?

என்னோடு ஒரே பட்ச்சில் படிக்கிற தோழி ஒருத்தியின் அம்மா இடியப்பம் அவித்து விற்கிறவர். கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருக்குக் கடை என்று ஒன்றும் இருக்கவில்லை. வாசல்தான் கடை. காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து வைத்தால் துறைமுக வேலைக்குப் போகிறவர், ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை, ஓட்டோக்காரர் என்று அந்த ஒழுங்கையால் போகிற ஆட்களே வாங்கிக்கொண்டு போவார்கள். ஏழரைக்குள் சட்டி காலி. இப்போது அவர்கள் ஒரு தொடர்மாடியில் எட்டாம் மாடியில் இருக்கிறார்கள். போன மாதம் அங்கே போயிருந்தேன். டைல்ஸ் போட்ட தரை, பூட்டுகிற பாத்ரூம், ஜன்னலைத் திறந்தால் கடல்.

"வீடு நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா எட்டாம் மாடிக்கு ஏறி வந்து யாரு இடியப்பம் வாங்குவா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். மலையகத்தில் தேயிலை. கொழும்பில் தோட்டம் என்றால் சிங்களத்தில் 'வத்த' என்று சொல்லப்படுகிற இடம். ஒரு பொதுப் பைப்பையும் சில மலசலகூடங்களையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு, சுவரோடு சுவராக வாழ்கிற குடியிருப்பு. முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தை, வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு என்று நகரம் முழுக்க இருக்கிறது. அங்கே சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் கலந்துதான் இருக்கிறார்கள். ஆனால் கொழும்புத் தமிழர் என்றால் எங்களுடைய எழுத்து வெள்ளவத்தையோடு நின்றுவிடுகிறது. நகரத்தின் வீதியைக் கூட்டுகிற, புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற தமிழ் ஆட்கள் எங்கே படுத்து எழும்புகிறார்கள் என்று நாங்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்குப்படி கொழும்பில் இப்படியான குடியிருப்புகள் 1,499. அவற்றில் 68,812 குடும்பங்கள். இத்தனை பேரும் இருக்கிற நிலம் மொத்தம் ஏறத்தாழ 900 ஏக்கர். கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச். ஒழுங்கை, கான், பொதுப் பைப் எல்லாம் அந்த இரண்டு பேர்ச்சுக்குள்தான் அடக்கம். இந்தக் கணக்கை ஒருவர் இரண்டு விதமாக வாசிக்கலாம். "இத்தனை ஆயிரம் குடும்பங்கள் இவ்வளவு சின்ன இடத்தில் வாழ்கின்றனவே, இவர்களுக்கு என்ன செய்யலாம்?" என்பது ஒன்று. "நகரத்தின் நடுவில் இவ்வளவு விலையுயர்ந்த 900 ஏக்கர் சும்மா கிடக்கிறதே" என்பது மற்றது. அரசு வாசித்தது இரண்டாவது மாதிரி.

இது என் ஊகம் இல்லை. நகர மீளுருவாக்கத் திட்டத்தின் அடிப்படையே அதுதான்: ஆட்களை உயரமான தொடர்மாடிகளுக்கு ஏற்றிவிட்டு, கீழே 'விடுவிக்கப்படும்' காணியை முதலீட்டுக்குக் கொடுப்பது. யுத்தம் முடிந்து அடுத்த ஆண்டே, 2010 இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. வீடு கட்டுகிற வேலை ஏன் பாதுகாப்பு அமைச்சுக்கு என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. அந்த வருடம் மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் ஸ்ட்ரீட்டில் வீடுகள் இராணுவம் சுற்றி நிற்க இடிக்கப்பட்டன. அங்கே பலரிடம் காணி உறுதி இருந்தது. இருந்தும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற பெயர்.

வலிகாமம் வடக்குக்காக, கேப்பாப்புலவுக்காக நாங்கள் கதைத்திருக்கிறோம். கதைக்கத்தான் வேண்டும். சீருடை போட்டவர் வந்து "இந்தக் காணி எங்களுக்குத் தேவை" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே காலத்தில் கொழும்பில் அது நடந்தபோது மட்டும் அது எங்களுக்கு 'நகரம் வடிவாகுது' என்று தெரிந்ததே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏழைகளுக்கு அரசு ஓசியாக வீடு கொடுத்தது என்ற கதையும் சரியில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இலும் 2016 இலும் வெளியிட்ட அறிக்கைகளைத் தேடி வாசித்துப் பாருங்கள். 400 சதுர அடி அளவான ஒரு வீட்டுக்குப் பல குடும்பங்கள் ஆரம்பத்தில் ஒரு இலட்சம் அளவிலும், பிறகு மாதம் 4,000 ரூபாய் அளவிலும் 20 வருடம் கட்ட வேண்டியிருந்தது. மொத்தம் பத்து இலட்சம் தாண்டும். தாங்களே கட்டி, மேல்மாடி போட்டு, மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு, அதைவிடச் சின்ன வீட்டுக்கு மாதாமாதம் காசு. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பது கணக்கு. அந்த ஒரு வீட்டுக்குள் கல்யாணம் முடித்த இரண்டு பிள்ளைகளின் குடும்பங்கள் இருந்தால் அது அவர்களின் பாடு. நாட்கூலிக்குப் போகிறவருக்கு மாதத் தவணை என்பதே விளங்காத ஒரு காலக்கணக்கு. அவருக்குத் தெரிந்தது சீட்டும் நகை அடகும்தான்.

பொதுச் சுகாதாரம் என்று சொல்லித்தான் இதையெல்லாம் நியாயப்படுத்துகிறார்கள். அந்த நியாயம் பொய் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தை ரொமான்ஸ் பண்ணுவது எங்களைப் போல கம்பஸ் பிள்ளைகளுக்கு ஈசி. மழைக்குக் கான் நிரம்பி வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியால் அள்ளியது என் தோழி, நான் இல்லை. "ராத்திரியில ஒன்றுக்கு வந்தா அம்மாவை எழுப்பி, டார்ச் எடுத்துக்கொண்டு போகணும். இப்ப எழும்பிப் போறேன், வாறேன். இதை நீ எழுத மறந்திடாத" என்றாள். மறக்கவில்லை. ஒரு பெண் பிள்ளைக்குப் பூட்டுகிற பாத்ரூம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள்தான் சொல்லலாம்.

ஆனால் சுகாதாரம் என்பது டைல்ஸ் மட்டும் இல்லையே. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கேஸ் இல்லை. ஊரில் எங்கள் வீட்டில் அம்மம்மா கொல்லையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினா, பிரச்சினை முடிந்தது. எட்டாம் மாடியில் எங்கே மூட்டுவது? தோழியின் அம்மா வெளியே பொது நடைபாதையில் ஒரு தகர அடுப்பை வைத்திருக்கிறார். புகை போக வழியில்லாமல் பக்கத்து வீட்டில் இழுப்பு வருத்தம் உள்ள ஒரு ஐயாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. அதோடு நிறுத்தினார். அந்த நாட்களில் பாணும் சம்பலும்தான், இடியப்பத் தொழிலும் இல்லை. வீடு கட்டியவர்களின் வரைபடத்தில் கேஸ் எப்போதும் இருக்கும், கரண்ட் எப்போதும் இருக்கும், லிஃப்ட் எப்போதும் ஓடும். இந்த நாட்டில் எது எப்போதும் இருந்திருக்கிறது?

அதற்கு முதல் கொரோனா. 2020 இறுதியில் கொழும்பு வடக்கின் பல பகுதிகள், தொடர்மாடிகளும் சேர்த்து, வாரக்கணக்கில் மூடப்பட்டன. ஒரே லிஃப்ட், ஒரே படி, காற்றில்லாத ஒரே நடைபாதை. தூரத்தைக் கடைப்பிடியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். எந்தத் தூரத்தை? முழங்கால் வருத்தம் உள்ள வயதான ஆட்கள் லிஃப்ட் பழுதானால் கீழே இறங்குவதே இல்லை. செத்தவீடு வந்தால் பெட்டியை மேலே கொண்டுபோக முடியாது, கீழே பொது மண்டபத்தில்தான் வைப்பது. தோட்டத்தில் ஒருவர் வருத்தமாகிப் படுத்தால் பத்து வீட்டுக்குத் தெரியும், யாராவது கஞ்சி கொண்டுவருவார். மேலே கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். எந்தச் சுகாதார அறிக்கையிலும் அந்தக் கஞ்சிக்கு நிரல் கிடையாது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 1978 இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம், 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். இரண்டும் பிரேமதாச பிரதமராக இருந்தபோது தொடங்கியவை. பிரேமதாச என்றால் எங்கள் ஆட்களுக்கும் தெற்கு ஆட்களுக்கும் நினைவுக்கு வருகிற வேறு விஷயங்கள் நிறைய உண்டு, அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் இந்தத் திட்டத்தில் ஒரு அடிப்படை யோசனை சரியாக இருந்தது: அரசு வீடு கட்டிக் கொடுப்பதில்லை, ஆட்கள் கட்டுவதற்கு அரசு கைகொடுக்கிறது. சின்னக் கடன், காணிக்கு ஒரு பத்திரம், பைப், மலசலகூடம். ஒழுங்கை எவ்வளவு அகலம், யாருடைய சுவர் எவ்வளவு உள்ளே தள்ளப்பட வேண்டும் என்பதைத் தோட்டத்து ஆட்களே சமூக அபிவிருத்திச் சபையாகக் கூடி, அதிகாரிகளோடு இருந்து முடிவெடுத்தார்கள். சண்டை பிடித்துத்தான் எடுத்திருப்பார்கள். அதில் ஒன்றும் பிழையில்லை. 1987 ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததே இலங்கையின் யோசனைப்படிதான்.

அந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. துண்டுகள் மிகச் சின்னவை, கழிவு நீர்க் குழாய் பல இடத்தில் கடைசிவரை வரவில்லை. ஆனால் கவனியுங்கள்: 80களில் அரசே பத்திரம் கொடுத்து "இங்கேயே கட்டுங்கள்" என்று சொன்ன ஆட்களில் பலரைத்தான் 2010க்குப் பிறகு அரசே குடியேறிகள் என்றது.

இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. கொழும்பைக் 'கிழக்கின் பூங்கா நகரம்' ஆக்குவதற்கு 1921 இல் திட்டம் வரைந்தவர் பற்றிக் கெடிஸ் என்கிற ஸ்கொட்லாந்துக்காரர். அதே ஆள் அதற்குச் சில வருடம் முதல் இந்திய நகரங்களுக்கு எழுதிய அறிக்கைகளில், சேரியை மொத்தமாக இடித்தால் அந்த ஆட்கள் பக்கத்துச் சேரியில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள், ஆகவே தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டித் திறந்துவிடுங்கள் என்று வாதாடியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முதல்! எங்கள் ஆட்கள் அவரிடமிருந்து பூங்காவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என்னுடைய நிலைப்பாடு தொடர்மாடியே வேண்டாம் என்பது இல்லை. இரண்டு பேர்ச்சில் எல்லாருக்கும் தரைவீடு சாத்தியமில்லை, அது எனக்கும் விளங்குது. ஆனால் பன்னிரண்டு, பதினான்கு மாடிதான் என்று யார் சொன்னது? நாலு மாடி என்றால் லிஃப்ட் பழுதானாலும் ஏறலாம், பராமரிப்புக் காசும் குறைவு. நிலம் கூடத் தேவைப்படும், உண்மை. அங்கேதான் சண்டையே. அந்தக் காணியின் விலை உயர்ந்தது யாரால்? அறுபது வருடம் அங்கே இருந்து துறைமுகத்தையும் சந்தையையும் நடத்திய ஆட்களாலும்தான். அந்தக் காணியை விற்று வருகிற காசில் ஒரு பங்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்ப்புக்கும் என்று எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? கீழ்த்தளத்தைக் கார் நிறுத்த விடாமல், வாசலில் தொழில் செய்தவர்களுக்குச் சின்னச் சின்னக் கடைகளாகக் கொடுக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டின் அளவைத் தீர்மானிக்கலாம். தமிழில் வாசிக்கிறவரிடம் கையெழுத்து வாங்குகிற ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். இதைக்கூட எழுத வேண்டியிருக்கிறது.

2019 இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி கொழும்பில் 5,500 வீடுகளுக்கு 20 கோடி டொலர் கடன் அங்கீகரித்தது. அதற்குப் பிறகு நாடே வங்குரோத்தாகிப் போனது வேறு கதை. காசு யார் தந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும் கிரேன் முதலில் வருகிறது, கூட்டம் பிறகு வருகிறது. அந்த வரிசை மாறும்வரை புதுத் தொடர்மாடித் திறப்பு விழாப் படங்களைப் பார்த்து நான் லைக் போடப் போவதில்லை.

தோழியின் அம்மா இப்போது விடிய மூன்று மணிக்கு எழும்புகிறார். எட்டாம் மாடியில் அவித்து, இரண்டு பேசினில் அடுக்கி, தோழி ஒன்றும் அவர் ஒன்றுமாகக் கீழே கொண்டுவந்து, பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருக்கிறார். முந்தி விற்றதில் பாதி விற்கிறதாம். மிச்சத்தைத் திரும்ப மேலே கொண்டுபோக வேண்டும் என்பதால் அளவாகத்தான் அவிக்கிறார். நான் போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஆளுக்கு ஒரு பேசினோடு படியால் ஏறினோம். ஐந்தாம் மாடியில் அவர் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க போங்க மகள், நான் மெதுவா வாறேன்" என்றார்.