வயிறும் முயலும்

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், நான் மாண்டரின் கற்பித்த ஒரு பாலர் பள்ளியில் நடந்தது இது. ஐந்து வயதுப் பிள்ளைகள். அன்றைய பாடம் விலங்குகள். ஆளுக்கொரு டிஷ்யூத் துண்டைக் கொடுத்து, உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, முயலின் பெயரைச் சொல்ல வைத்தேன்: ‘தூட்ஸ’. தாள் படபடத்தால் சரி. அசையாவிட்டால் மறுபடியும். நம் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. மூச்சைத் தள்ளிச் சொன்னால் முயல். தள்ளாமல் சொன்னால் வயிறு. தொனி இரண்டுக்கும் ஒன்றே. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையின் காதிலும் முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

சிறிது நேரம் கழித்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு ‘தூட்ஸ’ என்றாள். மூச்சு அவ்வளவு அழகாக வந்தது. நான் கைதட்டி, ‘ஹென் ஹாவ்’ என்று பாராட்டி, புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினேன். போய் உட்கார்ந்தவள் ஐந்து நிமிடத்தில் பாயெல்லாம் வாந்தி எடுத்தாள். அவள் என்னிடம் சொல்ல வந்தது வயிற்றைப் பற்றி. நான் கற்றுக்கொடுத்த மூச்சு அதை முயலாக்கிவிட்டது.

அவளும் தமிழ்ப்பிள்ளை, நானும் தமிழச்சி. ‘வயிறு வலிக்குது டீச்சர்’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் வகுப்புக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: உள்ளே மாண்டரின் மட்டும். தமிழோ மலாயோ பேசினால் ஒரு நட்சத்திரம் குறையும். அந்த அட்டையை எழுதி ஒட்டியவள் நான்தான்.

இந்த விதி எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். மலேசியாவில் சுமார் 1,300 சீனப்பள்ளிகள் இருக்கின்றன. இந்தியப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள். முதலாம் ஆண்டில் போய் உட்காரும்போது கணக்கு உட்பட பெரும்பாலான பாடங்கள் மாண்டரினில்தான் நடக்கும். பல வீடுகளில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் பெற்றோர் அவசரப்படுகிறார்கள்; அந்த அவசரம் நம் வகுப்புக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. வாரத்தில் கிடைப்பதே ஒன்றிரண்டு மணி நேரம். அதில் முடிந்தவரை மாண்டரினே ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆசிரியர் மாண்டரினில் பேசட்டும். பாட்டும் விளையாட்டும் மாண்டரினில் நடக்கட்டும். வலி, பயம், கழிப்பறை, ‘என்னைத் தொடாதே’ ஆகிய நான்குக்கு மட்டும் எந்த மொழியும் செல்லும் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டு மொழியில் சொல்லிவிட வேண்டும். ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், உதவியாளரோ பெற்றோரோ வந்து சொல்லட்டும்.

நிறங்களுக்கும் எண்களுக்கும் முன்னால், முதல் இரண்டு வாரங்களில், ‘வயிறு வலிக்கிறது’, ‘கழிப்பறைக்குப் போக வேண்டும்’, ‘உதவி செய்யுங்கள்’, ‘வேண்டாம்’ என்ற நான்கையும் மாண்டரினிலும் பழக்குங்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் நான்கு படங்கள் இருக்கட்டும். வாய் வராத பிள்ளை விரலால் காட்டும். ‘பூ யாவ்’ (வேண்டாம்) என்று மறுக்கும் பிள்ளையை மரியாதை தெரியாதது என்று அதட்டும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு வகுப்பில் மதிப்பு இருப்பதைக் கண்ட குழந்தைதான் வெளியிலும் அதைத் துணிந்து சொல்லும். தூரிகை பிடிக்கும் விரலைத் திருத்துவதற்கு முன், ‘கையைப் பிடிக்கவா?’ என்று கேட்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

இதில் சட்டமும் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், அக்குழந்தை துன்புறுத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதையே குற்றமாக்கியது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 15999 என்ற தாலியான் காசே உதவி எண் எல்லா வகுப்பறைகளிலும் ஒட்டியிருக்கலாம். ஆனால் போன வாரம் கற்ற மொழியில் எந்தக் குழந்தையும் அப்படிப்பட்ட ஒன்றை வாய்திறந்து சொல்லாது. மொழிக் கதவை மூடி வைத்துவிட்டுச் சட்டத்தைச் சுவரில் ஒட்டுவதால் பயன் இல்லை.

‘இப்படி விட்டுக்கொடுத்தால் மாண்டரின் வளருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வளரும். பயம் இல்லாத பிள்ளைதான் தவறாக உச்சரித்துப் பார்க்கும். தொனியைப் பிடிக்க அதைவிட வேறு வழி இல்லை. ஆசிரியரோடு உறவு இல்லாமல் ஒலி காதில் ஏறுவதில்லை என்பதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. சியாட்டலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுவோர் 12 அமர்வுகள் நேரில் விளையாடினர். அந்தக் குழந்தைகள் மாண்டரினின் நுட்பமான ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியத் தொடங்கினர். அதே ஆட்களைக் காணொளியில் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலிப்பதிவில் கேட்ட குழந்தைகளுக்கும் அது வரவில்லை. கைக்குழந்தைகளிடம் கண்டதை ஐந்து வயதுக்கு அப்படியே நீட்ட முடியாதுதான். ஆனாலும் திரையைப் போட்டுவிட்டு ஓரமாக உட்காரும் வழக்கத்தை யோசித்துப் பார்க்க இது போதும்.

பாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘இரண்டு புலிகள்’ பாடாத வகுப்பு கிடையாது. பழைய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு அது. மெட்டு மேலே போகும்போது சொல்லின் தொனி கீழே இருந்தாலும் மெட்டுதான் வெல்லும். பாட்டு சொல்லைத் தரும், தாளத்தைத் தரும், தொனியைத் தராது. எனவே பாடி முடித்ததும் அதே சொற்களை ஒருமுறை பேசிக் காட்டுங்கள். ‘தாங்’ என்பதைச் சமமாக நீட்டினால் சூப், மேலே ஏற்றினால் மிட்டாய். இரண்டு கிண்ணங்களை எதிரே வைத்து, தொனியைக் கேட்டு ஓடிவந்து தொடச் சொன்னால், எந்தப் பாட்டையும்விட வேகமாகக் காது கூர்மையாகும். கையை வீசித் தொனி காட்டுவதும் நல்ல வழிதான். நான்காம் தொனிக்குக் கையை வெட்டி இறக்கும்போது பக்கத்துப் பிள்ளையின் மூக்கு அங்கே இல்லாதபடி இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

நம் தமிழ்ப்பிள்ளைகளுக்கு வாய்த்த ஒரு சொத்தையும் நினைவூட்டுகிறேன். ‘மனிதன்’, ‘இறைச்சி’ என்ற மாண்டரின் சொற்களின் முதல் ஒலியோடு பல மொழிக்காரர்கள் போராடுகிறார்கள். அது நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். ‘வாழைப்பழம் சொல்லு’ என்று ஆரம்பித்தால் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போகும். வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னால் இந்த உதவியையும் சேர்த்தே இழக்கிறோம்.

விளையாட்டை இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வகுப்புகளில் பல, கடைவீட்டு மாடியிலோ வரிசை வீட்டின் முன்கூடத்திலோ நடக்கின்றன. கழுகும் கோழிக்குஞ்சுகளும் ஆட்டத்தில் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துச் சங்கிலியாக ஓடுவார்கள். தாய்க்கோழி சட்டென்று திரும்பினால் வால் பக்கம் சுழன்று வீசப்படும். புல்தரையில் அது கொண்டாட்டம், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் தாடை உடையும். அறைக்குள் முள்ளங்கி ஆட்டம் போதும்: ஆளுக்கொரு நிறம், தன் நிறத்தைச் சொல்லி உட்கார்ந்து எழுந்து அடுத்த நிறத்தைக் கூப்பிட வேண்டும். யாரும் ஓடுவதில்லை. ஆனால் எல்லாக் காதும் விழித்திருக்கும்.

பண்டிகைப் பாடங்களில்தான் நாம் அதிகம் அசந்து போகிறோம். டிசம்பர் 22 வாக்கில் வரும் தோங்ஜிக்கு தாங்யுவான் உருட்டுவது அருமையான பாடம். மாவு பிசையும்போது வராத சொல் வேறெப்போதும் வராது. ஆனால் பசையரிசி உருண்டை சின்னத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உள்ளே வேர்க்கடலையோ எள்ளோ இருந்தால் ஒவ்வாமையும் சேரும். உருட்டட்டும். சாப்பிடுவது வீட்டில், பெற்றோர் நறுக்கிக் கொடுத்து நடக்கட்டும். சாப்ஸ்டிக்கால் சிவப்பு அவரையைப் பொறுக்கும் பயிற்சிக்குப் பதில் பஞ்சு உருண்டை வையுங்கள். அவரை மூக்கிலும் காதிலும் போய்ச் சேரும். சாப்ஸ்டிக் கையில் இருக்கும்வரை யாரும் எழுந்து நடக்கக் கூடாது. விளக்குத் திருவிழாவுக்கு மின்கல விளக்கே போதும்.

இவை எதற்கும் கூடுதல் செலவு இல்லை. அடுத்த வகுப்பில் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, ‘வயிறு வலித்தால் லாவ்ஷியிடம் (ஆசிரியரிடம்) எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். மாண்டரினில் சொன்னால் நல்லது. தமிழில் சொன்னாலும் நல்லது. வயிற்றைத் தொட்டுக் காட்டினாலும் போதும். ஆனால் ஒரு பிள்ளை கதவிலுள்ள அட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், அன்று மாலையே அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள். நான் கழற்றியது ஒரு வாந்திக்குப் பிறகுதான்.