லூஃபியைப் பார்க்க அம்மா வருவாங்களா? - லைவ் ஆக்‌ஷன் அனிமேவும் 'பொன்னியின் செல்வன்' சொல்லிக்கொடுத்த பாடமும்!

2022 செப்டம்பர் 30. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் ரிலீஸான நாள். தஞ்சாவூரில் ஒரு தியேட்டர். எனக்கு இடதுபக்கம் அம்மா, வலதுபக்கம் சித்தி பையன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அம்மா கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்.

"வீராணம் ஏரி எங்கடி? ஆடிப்பெருக்கு எங்க?"

நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆடி பதினெட்டாம் பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதுதான் தொடக்கம். டெல்டாக்காரர்களுக்கு அது வெறும் கதைக் காட்சி இல்லை. வருஷா வருஷம் ஆற்றில் புதுத்தண்ணி வரும்போது ஞாபகத்துக்கு வருகிற விஷயம். படமோ ராஷ்டிரகூடர்களுடனான போரில் ஆரம்பித்தது. இடைவேளை வரைக்கும் அம்மா மனசுக்குள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். புத்தகம் படிக்காத சித்தி பையன் மட்டும் நிம்மதியாகப் படம் பார்த்தான்.

இன்றைக்கு அந்த நிம்மதி அவனுக்கு இல்லை. கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறான், தீவிர அனிமே ரசிகன். 'ஒன் பீஸ்' லைவ் ஆக்‌ஷன் தொடருக்கு மூன்றாவது சீசன் வரைக்கும் நெட்ஃப்ளிக்ஸ் ஓகே சொல்லிவிட்டது. 'நருட்டோ'வைப் படமாக எடுக்கப்போவதாக 2024-ல் ஹாலிவுட்டில் இருந்து அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அவன் சொல்வது ஒன்றுதான். "சந்தோஷமா இருக்குக்கா. ஆனா பயமாவும் இருக்கு."

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. தியேட்டரில் அம்மா முகத்தில் நான் பார்த்த அதே பயம்.

'பொம்மைப் படம்' என்கிற பேர்

அனிமே என்றால் ஜப்பானிய அனிமேஷன். அப்படி வரைந்து எடுத்த கதையை நிஜ மனிதர்களை நடிக்கவைத்து மறுபடி எடுத்தால் அது 'லைவ் ஆக்‌ஷன்'. இது பிடித்தால் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஒரிஜினல் எங்கேயும் போய்விடப்போவதில்லை. பிறகு ஏன் ரசிகர்களுக்கு இவ்வளவு பதற்றம்?

நம்ம ஊர் வீடுகளில் அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 'டோரேமான்', 'ஷின்சான்' எல்லாம் தமிழ் பேசியே நம் வீட்டு ஹாலுக்குள் வந்தவை. அதனாலேயே பெரியவர்களைப் பொறுத்தவரை அனிமே என்றால் குழந்தைகள் பார்க்கிற 'பொம்மைப் படம்'. காலேஜ் போகிற பையன் 'அட்டாக் ஆன் டைட்டன்' பார்த்துக் கண் கலங்கினால், "இந்த வயசுல பொம்மைப் படம் பார்த்து அழுவுறியே" என்பார்கள். போரைப் பற்றி, வெறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதைப் பற்றி அந்தக் கதை என்ன பேசுகிறது என்று சொல்லவே வாய்ப்பு கிடைக்காது.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸ்ல்' தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது உண்மை. ஆனாலும் அதற்கு மகன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனானா என்றால், பெரும்பாலும் நண்பர்களைத்தான் கூட்டிக்கொண்டு போனான்.

லைவ் ஆக்‌ஷன் என்றால் கதை வேறு. திரையில் நிஜ மனிதர்கள் இருப்பார்கள். "உட்காரும்மா, ஒரு எபிசோடு பாரு" என்று சொல்ல முடியும். பல வருஷமாகத் தனியாக ரசித்த ஒன்றை வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுவதற்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அது. அதுதான் எதிர்பார்ப்பு. அந்த ஒரே வாய்ப்பில் மட்டமாக எடுத்த ஒன்று வந்து நின்றால்? "இதுக்காடா ராத்திரியெல்லாம் முழிச்சே?" என்று கேட்டுவிடுவார்கள். அதுதான் பயம். ஒரிஜினலைப் பார்க்காதவர்களுக்கு, கெட்டுப்போன நகல்தான் கடைசிவரைக்கும் ஒரிஜினல்!

ஆறாத காயங்கள்

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2009-ல் வந்த 'டிராகன்பால் எவல்யூஷன்', கோக்குவை அமெரிக்க ஹைஸ்கூல் மாணவனாக மாற்றியது. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய பென் ராம்ஸி, தான் ரசிகனாக அல்ல, பெரிய சம்பளத்துக்காகவே அந்த வேலைக்குள் போனதாக ஒப்புக்கொண்டு 2016-ல் ரசிகர்களிடம் மன்னிப்பு கேட்டார். 2017-ல் வந்த நெட்ஃப்ளிக்ஸின் 'டெத் நோட்', கதையை ஜப்பானில் இருந்து சியாட்டிலுக்கு மாற்றியது. இடம் மாறியதுகூடப் பெரிய பிரச்னை இல்லை. குளிர்ந்த மூளையும் தலைக்கனமும் கொண்ட லைட் என்கிற கதாபாத்திரம், பதறி அலறுகிற ஒரு பையனாக மாறிப்போனதுதான் பிரச்னை. அந்தத் தலைக்கனம் இல்லாவிட்டால் 'டெத் நோட்' கதையே இல்லை.

அப்படியானால் ஒரிஜினலை அப்படியே நகல் எடுத்தால் போதுமா? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த 'கௌபாய் பீபாப்', டைட்டில் காட்சியைப் பழைய அனிமே மாதிரியே செதுக்கியிருந்தது. ஒரிஜினலுக்கு இசையமைத்த யோகோ கன்னோவே இதற்கும் இசை. ஆனால், வெளியாகி மூன்றே வாரத்தில் தொடர் ரத்து. ஒரிஜினலை இயக்கிய ஷினிசிரோ வதனபே, தனக்குப் பார்க்க அனுப்பப்பட்ட வீடியோவின் முதல் காட்சியைத் தாண்டித் தன்னால் போக முடியவில்லை என்று பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். சட்டை, தொப்பி, பாட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. ஆள் வந்து சேரவில்லை.

இதற்கு நேர்மாறானது 'ஒன் பீஸ்'. 1997-ல் இருந்து எய்ச்சிரோ ஓடா எழுதி வரைகிற மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். 2023-ல் வந்த லைவ் ஆக்‌ஷனின் முதல் சீசனில் மாற்றங்களுக்குக் குறைவே இல்லை. உசோப்பின் நீள மூக்கு இல்லை. சாஞ்சியின் சுருள் புருவம் இல்லை. லூஃபியின் தாத்தா யார் என்பது மங்காவில் வெகு தாமதமாகத்தான் தெரியும். இங்கே முதல் சீசனிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லூஃபியாக நடித்த மெக்ஸிகோ பையன் இனாகி கொடோய் சிரித்தால், அது லூஃபி சிரிப்பதாகத்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தனக்குத் திருப்தி வரும்வரை தொடரை வெளியிட மாட்டோம் என்று நெட்ஃப்ளிக்ஸ் ஒப்புக்கொண்டிருப்பதாக, ரிலீஸுக்கு முன்பே ஓடா ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். கதையைப் பெற்றவரே கூட இருக்கிறார் என்கிற தைரியம் ரசிகர்களுக்கு இருந்தது.

கல்கி இல்லாத கல்கி படம்

இங்கேதான் 'பொன்னியின் செல்வன்' வித்தியாசப்படுகிறது. கல்கி 1954-ல் காலமாகிவிட்டார். "இதை மாற்றலாம், அதை மாற்றக் கூடாது" என்று சொல்ல அவர் இல்லை. அந்த வேலையை வாசகர்களே எடுத்துக்கொண்டார்கள்.

1950-ல் 'கல்கி' இதழில் தொடராக ஆரம்பித்த கதை. எங்கள் வீட்டில் பாட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். ஓவியர் மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும்தான் அம்மாவுக்கு அசல். நடுவில் எம்.ஜி.ஆர் முயற்சி செய்தார், கமல் முயற்சி செய்தார், மணிரத்னமே முன்பு முயன்று விட்டுவிட்டார். இத்தனை வருஷமும் ஒவ்வொரு வாசகரும் மனசுக்குள் தனியாக ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தார். அனிமே ரசிகனுக்கும் இதே நிலைமைதான். லூஃபியின் முகம், குரல், சிரிப்பு எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயங்கள்.

கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 293 அத்தியாயங்கள். படம் இரண்டு பாகமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். 'ஒன் பீஸ்' முதல் சீசனின் எட்டு எபிசோடுகளுக்குள் மங்காவின் ஏறத்தாழ 95 அத்தியாயங்கள் அடங்கின. வெட்டாமல் முடியாது. எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

படத்தில் மணிமேகலை இல்லை. வந்தியத்தேவன் மேல் வைத்த காதலுக்காகவே எரிந்துபோன அந்தப் பெண்ணை அப்படியே எடுத்துவிட்டார்கள். அம்மா இதை இன்னும் மன்னிக்கவில்லை. குழந்தை மாறிப்போன கதையும் இல்லை. நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவரும் இடம், வாசகர்களுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. படத்தில் மதுராந்தகன் மதுராந்தகனாகவே இருந்து முடிசூடுகிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை கல்கி மூடுபனியிலேயே விட்டிருந்தார். படம் தனக்கென்று ஒரு பதிலை வைத்தது.

ஆனால் இதே அம்மா, குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற காட்சியில் மூச்சுவிடாமல் பார்த்தார். அங்கே கிசுகிசுப்பு இல்லை. கார்த்தி வந்ததும் "இவன் வந்தியத்தேவன்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புத்தகத்தில் இருக்கிற வரி அப்படியே வந்ததா என்பது அந்த நேரத்தில் அவருக்கு முக்கியமாகவே இல்லை.

ரசிகர் சொல்வது எல்லாமே சரியா?

அப்படியும் இல்லை. எங்க ஊரில் படம் வந்தபோது நிறைய பேர் கேட்ட கேள்வி: "தஞ்சாவூர் கதையில பெரிய கோயில் எங்க?" நியாயமான கோபம் மாதிரிதான் தெரியும். ஆனால், கதை நடப்பது சுந்தர சோழர் காலத்தில். பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன் அப்போது இளவரசர் அருள்மொழிவர்மன். கோயில் கட்டி முடித்தது 1010-ல். காட்டியிருந்தால்தான் தப்பு!

தாய்லாந்து, ஹைதராபாத், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ போய் எடுத்தார்களே என்கிற வருத்தத்தில் மட்டும் நியாயம் உண்டு. காவிரியின் பெயரையே தலைப்பில் வைத்திருக்கிற கதை. டெல்டாவின் வயலும் வாய்க்காலும் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

"வெளியாள் எடுத்தால் கெடுத்துவிடுவான்" என்பதும் எப்போதும் சரியாக வருவதில்லை. இதை நாமே ஜப்பான்காரரிடம் சொன்ன கதை ஒன்று உண்டு. யுகோ சாகோ, ராமாயணத்தை அனிமேவாக எடுக்கத் திட்டமிட்டபோது, இந்தியாவின் பாரம்பரியத்தை வெளிநாட்டவர் இஷ்டத்துக்குப் படமாக்கக் கூடாது என்று 1980-களில் இங்கிருந்து எதிர்ப்புக் கடிதம் போனது. அவர் பின்வாங்கவில்லை. இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகனைக் கூட வைத்துக்கொண்டு, ஜப்பான் - இந்தியக் கூட்டு முயற்சியாக எடுத்து முடித்தார். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு நம் தியேட்டர்களுக்கு வந்தது. ரசித்துப் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்தவர் மதித்து எடுத்தால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அதே நியாயம் 'நருட்டோ' எடுக்கப்போகிற ஹாலிவுட்காரருக்கும் உண்டுதானே? சொந்த நாட்டிலேயே நன்றாக எடுத்ததற்கும் உதாரணம் இருக்கிறது: 2012 முதல் 2021 வரை ஜப்பானில் ஐந்து படங்களாக வந்து ஜெயித்த 'ரூரோனி கென்ஷின்'.

ஆக, மாற்றியதா, மாற்றவில்லையா என்பதை வைத்து மட்டும் மார்க் போட முடியாது. உசோப்பின் மூக்கை எடுத்தாலும் உசோப் உசோப்தான். லைட்டின் தலைக்கனத்தை எடுத்தால் லைட் இல்லை. எதை எடுத்தால் கதை கீழே விழும் என்று எடுப்பவருக்குத் தெரிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது ரசிகருக்குத் தெரியும். அதனால்தான் டீசர் வந்த அன்றைக்கே அவர் இவ்வளவு கத்துகிறார். அந்தக் கத்தலில் பாதி, ஓடா மாதிரி ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்கிற தேடல்.

படத்துக்குப் பிறகு...

இரண்டு பாகமும் வந்து முடிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. புத்தகமே தொடாத சித்தி பையன், பாட்டியின் பைண்டு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நந்தினி யார் என்று படம் முழுசாகச் சொல்லவில்லை என்பது அவனுடைய புகார். ஐந்து பாகமும் முடித்துவிட்டு வந்து, "அம்மா சொன்னது சரிதான், மணிமேகலையை விட்டிருக்கக் கூடாது" என்றான். படத்தை அம்மா மன்னிக்காவிட்டாலும், இதற்காக மட்டும் அதற்கு ஒரு நன்றி சொல்கிறார்.

போன லீவுக்கு வந்தபோது அவன் டிவியில் 'ஒன் பீஸ்' முதல் எபிசோடைப் போட்டான். அம்மா கையில் முருங்கைக்கீரை. உருவிக்கொண்டே பார்த்தார். ஒற்றை ஆளாக ஒரு சின்னப் படகில் கிளம்பி, போகிற இடத்திலெல்லாம் வம்பில் மாட்டி, வாயாலேயே ஆட்களைச் சேர்க்கிற பையன். "இவன் என்னடா வந்தியத்தேவன் மாதிரியே இருக்கான்" என்றார்.

சித்தி பையன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது.

எபிசோடு முடிந்தது. கீரையை ஓரமாக வைத்துவிட்டு அம்மா அவனிடம் கேட்ட முதல் கேள்வி:

"சரி, இதுல எதையெல்லாம் விட்டுட்டாங்க?"

அவன் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.