கருந்திரைக்கு மாணவர் பொறுப்பல்லர்

பல்கலைக்கழக விடுதிகளில் லினக்ஸ் பற்றி வழங்கும் தீர்ப்புகள் இரண்டே. "அது கணினித் துறையினருக்கானது, மொழியியலும் வரலாறும் படிப்பவர்களுக்கு வேண்டாத வேலை" என்பது ஒன்று. "ஒழுங்காகப் படித்துவிட்டு நிறுவியிருந்தால் இந்நிலை வந்திராது" என்பது மற்றொன்று. முன்னதைப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள்; பின்னதைக் கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் சொல்கிறார்கள். எதிரெதிர் அணியினராகத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரு செய்தியில் முழுமையாக உடன்படுகிறார்கள்: திரை கறுத்துப்போனால் குற்றம் அதன்முன் அமர்ந்திருக்கும் மாணவருடையது. இந்த உடன்பாடு பிழையானது. அதனால் விளையும் இழப்பும் சிறிதன்று.

நடைமுறையில் நிகழ்வது இதுதான். ஆய்வு மாணவி ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு நிறுவுகிறார். மூன்று மாதம் எல்லாம் சீராக ஓடுகிறது. களப்பணி ஒலிப்பதிவுகள், பிராட்டில் எடுத்த அளவீடுகள், ஈலானில் எழுதிய குறிப்புகள் யாவும் அதில் சேர்கின்றன. ஓர் இரவு வழக்கமான புதுப்பித்தல். மறுநாள் காலை தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி மறைகிறது, பிறகு இருள். விசிறி மட்டும் சுழல்கிறது. அடுத்த அறை நண்பர் வந்து, கைப்பேசியில் தேடியெடுத்த கட்டளை ஒன்றை மீட்பு முறையில் தட்டச்சு செய்கிறார். பலிக்கவில்லை. இன்னொன்று, அதுவும் பலிக்கவில்லை. மாலைக்குள் "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுவிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பழுதுபட்டதோ கெர்னலுக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் இடையே நிற்கும் டிரைவர் மட்டுமே. கோப்புகளுக்கு எந்த ஊறும் நேர்ந்திருக்கவில்லை.

முதலில் அந்தப் புகழ்பெற்ற மந்திரத்தைப் பார்க்கலாம். தொடக்க வரியில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்தால் திரை வந்துவிடும் என்பது விடுதி அறிந்த மருந்து. பெரும்பாலும் வந்தும் விடுகிறது. ஏன் வருகிறது என்று கேட்பவர் அரியர். சொல்லைப் பிரித்தாலே பொருள் விளங்கும்: நோ, மோட், செட். திரையின் துல்லியத்தையும் புதுப்பிப்பு வீதத்தையும் கெர்னல் தானே அமைக்க வேண்டாம் என்பதே அதன் பொருள். விளைவாகக் கிராஃபிக்ஸ் டிரைவர் ஒதுங்கிவிடுகிறது. கணினி விழிக்கும்போதே ஃபர்ம்வேர் அமைத்துத் தந்த எளிய திரைப்பரப்பில் ஒவ்வொரு சாளரத்தையும் சிபியுவே வரைய வேண்டியதாகிறது. திரை வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் இயலாது, வெளித்திரை இணையாது, சூடு ஏறும். நோயைக் கண்டறியும்வரை சிறிது நேரம் மட்டும் கொள்ள வேண்டிய ஒன்றை நிரந்தர மருந்தாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கருத்தரங்கு நாளன்று புரொஜக்டர் கேபிளைச் செருகியும் திரையில் எதுவும் வராதபோது, "லினக்ஸில் இதெல்லாம் வராது" என்ற முணுமுணுப்பு அரங்கில் எழுகிறது. அந்த முணுமுணுப்புக்கு விதை போட்டது விடுதி மருத்துவம்.

நோய் எங்கே தொடங்கியது? பல மடிக்கணினிகளில் கிராஃபிக்ஸ் சிப்புகள் இரண்டு: சிபியுவோடு பிறந்த இன்டெல் சிப் ஒன்று, தனியே பொருத்தப்பட்ட என்விடியா சிப் ஒன்று. தேவைக்கேற்ப இவ்விரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ளும் ஆப்டிமஸ் என்னும் ஏற்பாட்டை என்விடியா 2010இல் கொண்டுவந்தது. விண்டோஸுக்கு அது முழுமையாகக் கிடைத்தது, லினக்ஸுக்குக் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தைத் தன்னார்வலர்கள் பம்பிள்பீ என்னும் திட்டத்தால் நிரப்பினார்கள். 2011இல் அதன் நிறுவல் நிரலில் ஒரு பிழை நேர்ந்தது: ஒரு கோப்புறையின் முகவரியில் 'யுஎஸ்ஆர்' என்பதற்குப் பின் தேவையற்ற ஓர் இடைவெளி விழுந்துவிட, அந்தச் சிறு கோப்புறைக்குப் பதிலாக யுஎஸ்ஆர் முழுவதையும் அழிக்கும் கட்டளையாக அது மாறிவிட்டது. பலகைக்கும் பல கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. எனினும், ஒரு பெருநிறுவனம் செய்ய மறுத்த பணியை ஊதியமின்றிச் செய்தவர்கள்தாம் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஆப்டிமஸ் பற்றிய கேள்விக்கு விடையளித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவை நோக்கி நடுவிரல் காட்டியது உலகறிந்த செய்தி. அந்தப் படத்தை இன்றும் சுவரொட்டியாக ஒட்டி மகிழ்வோர் உண்டு. மகிழ்ச்சியில் மறந்துபோகும் செய்தியும் ஒன்று உண்டு. கெர்னலுக்கு வெளியே வாழும் டிரைவர்களுக்காகத் தன் உள்ளிடைமுகத்தை நிலையாக வைத்திருக்க மாட்டோம் என்பது கெர்னல் உருவாக்குநர்கள் அறிந்தே எடுத்த முடிவு. டிரைவரைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தால் நாங்களே பராமரிப்போம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் மூடிய டிரைவரை வைத்திருப்பவருக்கு அதன் பொருள், ஒவ்வொரு கெர்னல் புதுப்பித்தலின்போதும் தொகுதி மீண்டும் கட்டப்பட்டாக வேண்டும் என்பதே. கட்டுவதற்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லையெனில் பணி தோற்கும். மறுநாள் காலை திரை இருளும். இரு பெரியவர்கள் தத்தம் கொள்கையில் உறுதியாக நிற்க, விடுதி அறையில் விடிகிறது அந்தக் கறுப்புக் காலை.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் தொகுதிகளின் மூலநிரலை வெளியிட்டபோது பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். தீரவில்லை. வெளியானவை டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே உதவும். அதாவது 2018க்குப் பின் வந்த சிப்புகளுக்கு. அவற்றிலும் ஃபர்ம்வேரும் பயனர்வெளி நூலகங்களும் மூடியே கிடக்கின்றன. அதற்கு முந்தைய தலைமுறைகளின் கதையே வேறு. தன்னார்வலர்கள் சிப்பின் போக்கை உற்றுநோக்கி எழுதிய நூவோ என்னும் கட்டற்ற டிரைவர் நெடுங்காலமாக உண்டு. ஆனால் 2014இல் வந்த இரண்டாம் மேக்ஸ்வெல் தலைமுறை முதல், நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இன்றிச் சிப் தன் வேகத்தை உயர்த்தாது. வேண்டிய ஃபர்ம்வேர் வெளியாகாததால் நூவோவில் அச்சிப்புகள் தொடக்க வேகத்திலேயே தவழ்கின்றன. மேக்ஸ்வெல்லுக்கும் 2016இல் வந்த பாஸ்கலுக்கும் திறந்த தொகுதியும் இல்லை. வேகமான நூவோவும் இல்லை. அண்ணன் பயன்படுத்திவிட்டுத் தந்த கணினி, இரண்டாம் கையாக வாங்கிய கணினி ஆகியவற்றில் இத்தகைய சிப்புகளே மிகுதி. புதுக் கணினி வாங்க வசதியுள்ளவருக்குத் தீர்ந்த பிரச்சினை உதவித்தொகை தாமதமாகும் ஆய்வாளருக்குத் தீரவில்லை. இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று மட்டும் சொல்லிக் கடப்பது வசதியுள்ளவர்களின் வழக்கம்.

செக்யூர் பூட்டும் இதில் பங்குகொள்கிறது. கையொப்பமில்லாத தொகுதியைக் கெர்னல் ஏற்காது. சாவியைச் சேவை ஏற்க மறுத்தது என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி பதிவாகும். எந்தச் சாவி, யாருடைய சேவை, ஏன் மறுப்பு என்பவற்றுக்கு அவ்வரியில் விடையில்லை. முன்னதாக மறுதொடக்கத்தின்போது நீலத்திரை ஒன்று பத்து நொடி நின்று, சாவியை 'என்ரோல்' செய்யட்டுமா என்று கேட்டிருக்கும். என்ரோல் என்றால் சேர்க்கைக் கட்டணம் கட்டுவது என்றே அறிந்த மாணவர் பத்து நொடியில் என்ன முடிவெடுப்பார்? பேசாமல் இருந்துவிடுவார்; அது மறைந்துவிடும். "செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்ற அறிவுரையும் உடனே வரும். விண்டோஸும் உடனிருந்து பிட்லாக்கரும் இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கக்கூடும் என்பதை அறிவுரையாளர் சொல்வதில்லை.

வியப்பு என்னவெனில், ஓர் உயிரெழுத்தின் நீட்சியைச் சொல்ல நாற்பது ஒலிப்பதிவுகளைக் கேட்கும் துறைகளில்கூட, திரை இருண்டால் எந்தத் தரவையும் பாராமல் "டிரைவர் போயிற்று" என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். தரவு அங்கேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறதா? வந்தால் கெர்னல் உயிரோடிருக்கிறது. இடிந்தது வரைகலை அடுக்கு மட்டும். தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தால் திரை வருகிறதா? வந்தால் புதிய கெர்னலுக்குத் தொகுதி கட்டப்படவில்லை என்று ஐயுறலாம். எல்எஸ்பிசிஐ கட்டளையை கே என்னும் குறியோடு இட்டால் எந்தச் சிப்பை எந்த டிரைவர் கையாள்கிறது என்பது தெரியும். ஜர்னல்சிடிஎல் முந்தைய தொடக்கத்தின் கெர்னல் பதிவுகளைக் காட்டும். இவை நான்கும் அரைமணி நேர வேலை. ஆய்வு முறையியல் வகுப்பில் மேற்கோள் நடைக்கு மூன்று வாரம் ஒதுக்க முடிகிறபோது இதற்கு ஓர் அரைமணி கிடைக்காதா?

"ஏஎம்டி வாங்கியிருக்கலாமே" என்பது அன்பர்களின் அடுத்த அம்பு. ஏஎம்டி 2007 முதல் தன் சிப்புகளின் விவரங்களைத் திறந்தது உண்மை. அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதும் உண்மை. ஆனால் இயற்கை மொழியாய்வு செய்யும் மாணவர் குடாவை விட்டு எங்கே போவார்? அவர் எடுத்தாளும் நிரல்களில் பெரும்பாலானவை அதை நம்பியே எழுதப்பட்டவை. அத்தகையோருக்கு ஒரு நடுவழி உண்டு: திரையை இன்டெல்லிடம் ஒப்படைத்து, என்விடியாவைக் கணக்கீட்டுக்கு மட்டும் அழைப்பது. உபுண்டுவில் பிரைம்-செலக்ட் அதற்கு உதவும். ஆயினும் சில மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். என்விடியாவை அறவே அணைத்துவிட்டால் புரொஜக்டர் மீண்டும் இருளும். வாங்கும்போது இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. விளம்பரத் தாளில் அதற்கு இடமும் இல்லை.

கேட்டிருக்க வேண்டியவை நிறுவனங்கள். அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளைப் பின்பற்ற வேண்டும் என்று நடுவண் அரசு 2015இல் கொள்கை வகுத்தது. கேரளத்துப் பள்ளிகளுக்காகக் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஓர் இயக்குதளம் அமைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. அங்கே ஒரு மாணவரின் திரை இருண்டால், அதைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதாவது தெரியும். உயர்கல்வி நிறுவனங்களோ கருத்தரங்கில் கட்டற்ற மென்பொருளைப் போற்றிவிட்டு, ஆய்வகத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் ரேமின் அளவையும் வட்டின் அளவையும் மட்டும் எழுதுகின்றன. கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவர் கெர்னலிலேயே உள்ளதா, எச்டிஎம்ஐ எந்தச் சிப்போடு இணைகிறது என்னும் இரு கேள்விகளைச் சேர்க்க ஒரு வரி போதும். அவ்வரியைக் கொள்முதல் குழு கேட்டு எழுதாதவரை, "மாணவர்களுக்கு லினக்ஸ் தெரியவில்லை" என்று சொல்லும் உரிமை அந்நிறுவனத்தின் ஆசிரியர் எவருக்கும் இல்லை.

இன்றிரவு வட்டை அழிக்க முடிவெடுத்திருப்போருக்கு ஒரு செய்தி. உபுண்டு உள்ள யுஎஸ்பி ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கினால், வட்டைத் தொடாமலே கோப்புறைகளைத் திறக்கலாம்; வட்டுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் அதை மட்டும் கேட்கும். ஒலிப்பதிவுகளை வேறிடத்தில் படியெடுத்த பின்னர் எதையும் செய்துகொள்ளலாம்.